உவன் ஆர்?

அரியாலைக் கொம்பனி அனுப்பிய அறிவித்தலை றொசாந்தி முழுதாக வாசிக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே அவளுக்குத் தலை சூடாகிவிட்டது. அடுத்த பதிப்பிலிருந்து கேர்னல் ட்ரேஸ் வரியின் சொற்களும் ஒழுங்கும் மாற்றப்படுமாம். இதனால் பாவனையாளர் எவருக்கும் இடையூறு ஏற்படாதாம். ஏற்படாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? குருநகரில் ஒரு மனுசரைக் கேட்டார்களா? ஏசி அறைக்குள் இருந்துகொண்டு தாங்களே கேட்டுத் தாங்களே பதிலும் சொல்லியிருப்பார்கள்.

குருநகர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கணினிப் பகுதி முழுக்க றொசாந்தி ஒருத்திதான். பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டுக் கொழும்புக்குப் போகாமல் ஊரில் நின்றவள். கோபம் மூக்குக்கு மேலே இருக்கும் என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள், அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று.

சங்கத்து வள்ளங்கள் எல்லாவற்றிலும் அரியாலைக் கொம்பனி செய்த பெட்டி ஒன்று பொருத்திப் பூட்டியிருந்தது. வள்ளம் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லுவதும், உள்ளே தண்ணீர் வந்தால் பம்ப்பைப் போட்டு இறைப்பதும் அதன் வேலை. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் நடுவில் இருக்கும் கேர்னல்தான் பெட்டிக்குள்ளிருக்கும் புரோகிராம்களுக்கு முறை வைத்து இடம் கொடுக்கும். ஒரு புரோகிராம் மற்றதற்கு வழிவிடாமல் மறித்துக்கொண்டு நின்றால், யார் காத்திருக்கிறான், யார் மறிக்கிறான், அடுத்தது யார் என்று கேர்னல் ஒரு வரி எழுதும். அதுதான் அந்த ட்ரேஸ் வரி. கொம்பனி எஞ்சினியர்மார் பிழை தேடுவதற்காக வைத்துக்கொண்டது. ஆனால் மற்றத் தகவல்களோடு சேர்ந்து அதுவும் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் வந்தால் கத்துவதற்குப் பெட்டியில் ஒரு அலாரம் இருந்தது உண்மைதான். அலை தெறித்தாலும் கத்தியது, மீனைக் கழுவினாலும் கத்தியது. பூட்டிய கிழமையே எல்லோரும் அதன் வயரை வெட்டிவிட்டார்கள். றொசாந்தியின் அப்பா சிமியோன்தான் முதலில் வெட்டினார், பிறகு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தன் கத்தியை இரவல் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் றொசாந்தி அந்த வரியைக் கவனித்தாள். வள்ளம் உண்மையாகவே ஒழுகினால் பம்ப் விடாமல் ஓடும். விடாமல் ஓடும்போது பம்ப் புரோகிராம் மற்றவற்றை மறித்துக்கொண்டு நிற்கும். வரியில் பம்ப்பின் பெயர் திரும்பத் திரும்ப வரும். இதை வாசிக்க அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். வள்ளம் நலமென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், தண்ணீர் ஏறினால் சிவப்பு. சிமியோன் அதற்குத் தாங்கள் கும்பிடும் அந்தோனியாரின் நினைவாக அந்தோனி என்று பெயர் வைத்தார். போன வாடைக்காலத்தில் அவருடைய வள்ளத்தின் அடியில் வெடிப்பு விழுந்தது. அவர் கவனிப்பதற்கு முன்னம் அந்தோனி சிவந்துவிட்டது, றொசாந்தி பக்கத்தில் நின்ற வள்ளத்தை அனுப்பி அவரை எடுப்பித்தாள். அந்த வரி இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்கு அப்பா இல்லை. அவ்வளவுதான் விசயம்.

அறிவித்தலோடு அவள் நேரே அரியாலைக்குப் போனாள். கேர்னல் வேலை முழுதும் குகதாசன் என்பவனின் கையில் இருந்தது. வலிகாமத்துப் பெடியன், தகப்பன் தமிழ் வாத்தியார், தன் வேலையில் கெட்டிக்காரன். அது அவனுக்குத் தேவைக்கு அதிகமாகவே தெரிந்திருந்தது.

"அந்த வரி உங்களுக்கெண்டு எழுதினதில்லை," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது எங்கடை உள்வீட்டு விசயம். நீங்கள் அதை நம்பிப் புரோகிராம் எழுதினது உங்கடை பிழை."

"ஒவ்வொரு நாளும் என்ரை ஸ்கிரீனுக்கு அனுப்பிப்போட்டு, வாசிச்சது பிழையெண்டு சொல்லுறியளோ?"

"வாசிக்கலாம். நாங்கள் மாத்தினால் நீங்களும் மாத்தவேணும். உலகம் முழுக்க அப்பிடித்தான்."

"உலகம் முழுக்க அப்பிடியில்லை. ஆக்கள் பாவிக்கிற ஒண்டை உடைக்கக்கூடாதெண்டதுதான் கேர்னல்காரரின்ரை முதல் சட்டம். உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமோ?"

இப்போது அவன் திரும்பினான். பிரச்சினை என்னவென்று மிகவும் பொறுமையாக விளக்கத் தொடங்கினான், சின்னப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று பெட்டியை வாங்கப் பார்க்கிறது. அவர்களுடைய எஞ்சினியர் வரியைப் பார்த்துவிட்டு இதென்ன சொல் என்று கேட்டிருக்கிறான். குகதாசனுக்கு மானம் போய்விட்டது.

வரியை முதலில் எழுதியவர் தில்லைநாதன் என்ற எஞ்சினியர், இப்போது நோர்வேயில் இருக்கிறார். வேடிக்கைக்கோ விசருக்கோ அவர் அதில் மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். காத்திருப்பவன் இவன், மறித்துக்கொண்டு நிற்பவன் உவன், அடுத்து வரப்போகிறவன் அவன். மற்ற ஊர்த் தமிழருக்கு இவனும் அவனும் போதும். யாழ்ப்பாணத்தாருக்கு நடுவில் ஒரு உவன் வேண்டும். சொல்லுகிறவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் இவன், இருவருக்கும் தூரத்தில் நிற்பவன் அவன், கேட்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் உவன். ஆளை முன்னால் வைத்துக்கொண்டே உவன் என்று சொன்னால் அதில் கொஞ்சம் இளக்காரமும் ஒட்டியிருக்கும்.

"மரியாதைகெட்ட சொல்," என்றான் குகதாசன். "மூண்டையும் எடுத்துப்போட்டு ஒழுங்கான இங்கிலீஷ் பேர் வைக்கப்போறன். நடுவிலை புதுசா ரெண்டு விசயமும் வரும்."

"புதுசு வேணுமெண்டால் வரியின்ரை கடைசியிலை சேருங்கோ. பழசு பழசு மாதிரியே கிடக்கட்டும். உங்களுக்கும் கிடைக்கும், எங்களுக்கும் உடையாது."

"ஒவ்வொருத்தருக்காகவும் பழசைக் கட்டி இழுத்துக்கொண்டு திரியேலாது. கோட் ஊத்தையாப் போகும்."

"ஊத்தை எண்டு பாக்கிறதோ, எங்கடை அப்பா உயிரோடை வாறதெண்டு பாக்கிறதோ?"

குகதாசன் பெருமூச்சு விட்டான். பக்கத்து மேசையில் கஜந்தினி என்ற எஞ்சினியர் இருந்தாள், அவனோடு சமமாக வேலை செய்பவள். அவளைப் பார்த்து, றொசாந்தி அங்கே இல்லாதது போல, "உவளுக்கு ஆராவது விளங்கப்படுத்துங்கோ. எனக்கு வேலை கிடக்கு," என்றான்.

கஜந்தினி குனிந்துகொண்டாள்.

"உவள் எண்டு ஆரைச் சொன்னனீர்?" என்றாள் றொசாந்தி. வந்ததிலிருந்து போட்ட நீங்கள் என்ற மரியாதை அந்த இடத்தில் நீர் என்று இறங்கியது. "வரியிலை இருக்கிற உவன் மரியாதைகெட்ட சொல்லாம். உம்மடை வாயிலை வாற உவள் என்ன சொல்? திருநீறு பூசின சொல்லோ?"

"சத்தம் போடாதையும். இது உம்மடை மீன்சந்தை இல்லை."

இதைச் சொன்னதும் அவனே கொஞ்சம் திடுக்கிட்டான். சொல்லிவிட்டான், திரும்ப எடுக்க முடியாது. றொசாந்திக்குக் காது இரண்டும் கொதித்தது. மீன்சந்தை என்ற அந்தச் சொல்லுக்குள் அவளுடைய ஊர், அப்பா, கோயில், பிறப்பு எல்லாவற்றையும் கட்டி அவன் எறிந்துவிட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் வீட்டில் சமைக்கிற மீன் எந்தச் சந்தையால் வருகிறதாம் என்று கேட்டாள். கட்டடம் பூராகவும் கேட்கும்படிதான் கேட்டாள்.

சத்தத்துக்குக் கொம்பனியின் சொந்தக்காரி உதயகலா வெளியே வந்தாள். நடுவயது மனுசி, கூச்சல் என்றாலே பிடிக்காது. இரண்டு பக்கத்தையும் நின்றபடியே கேட்டாள், இருவரையும் இருக்கச் சொல்லவில்லை.

"குகதாசன், எங்கடை பெட்டியை முதல் நம்பி வாங்கினது குருநகர்ச் சங்கம். அந்தச் சொல்லுகளிலை ஒரு எழுத்தும் மாறக்கூடாது. ஒழுங்கும் மாறக்கூடாது. விளங்கினதோ?"

"விளங்கினது அக்கா," என்றான் குகதாசன். அவன் முகம் கறுத்துப்போயிருந்தது. றொசாந்தி வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அது அவள் விட்ட பிழை.

புதிய பதிப்பு வள்ளங்களின் பெட்டிகளுக்குத் தானாக இறங்கியது. அந்தோனி ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. சொற்கள் அதே சொற்கள், ஒழுங்கு அதே ஒழுங்கு. சோளகம் தொடங்கிக் கடல் குழம்பியிருந்த காலம் அது. வழமையில் அந்தக் காற்றில் ஏதாவதொரு வள்ளம் மஞ்சளாகிப் பிறகு பச்சையாகும். இந்த முறை எல்லாம் பச்சை. திரை முழுக்கப் பச்சை. சங்கத்துத் தலைவர் யாகப்பு எட்டிப் பார்த்துவிட்டு, புதுப் பதிப்பு நல்லாத்தான் இருக்குது பிள்ளை, வீணாப் போய்ச் சண்டை பிடிச்சனீ என்றார்.

றொசாந்திக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த யாகப்புவின் வள்ளத்தைத்தான் இரண்டு வள்ளங்கள் சேர்ந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தன. இருக்கைப் பலகை மட்டத்துக்குத் தண்ணீர். யாகப்புவும் மருமகனும் வாளியால் அள்ளி அள்ளி, கை விறைத்துப்போய், கடைசியில் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஆட்களின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். நனைந்த சாரத்தோடு மனுசன் சங்கத்துப் படியேறி வந்து கதவை உதைத்துத் திறந்தார்.

"நீ என்ன நித்திரையோடி? ஒரு வள்ளத்தை அனுப்பேலாதோ? உன்ரை அந்தோனியார் என்ன, செத்துப்போனாரோ?"

றொசாந்தி திரையைக் காட்டினாள். யாகப்புவின் வள்ளம் பச்சை. இறங்குதுறையில் பாதி தாண்டு மூழ்கிக் கிடக்கும் அந்த வள்ளம், அந்த நிமிடத்திலும் பச்சை.

யாகப்பு திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்களுக்கு நம்பிக்கை தந்துபோட்டுக் கழுத்தறுத்திட்டாய்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஏச்சு அவளுக்குப் பழக்கம்தான். இந்த ஏச்சுக்கு மட்டும் அவள் கதவைச் சாத்திவிட்டு அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தோனி வாசித்த வரிகளைத் தானே வாசிக்கத் தொடங்கினாள்.

பழைய வரிகளில் உவன் என்ற இடத்தில் பம்ப் இருக்கும், சிலவேளை றேடியோ இருக்கும். புதிய வரிகளில் எந்த வள்ளத்தை எடுத்தாலும் உவன் மோடெம்தான். கரையோடு கதைக்கிற அந்த மோடெம் புரோகிராமின் பெயரைத் தவிர அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. பம்ப் என்ற பெயர் வரிக்குள் எங்குமே இல்லை. பெயர்ப்பலகை அப்படியே தொங்குகிறது, வீட்டுக்குள் வேறு ஆள் குடியிருக்கிறான்.

தன் புரோகிராமைத் திருத்தலாமா என்று யோசித்தாள். எதை வைத்துத் திருத்துவது? இல்லாத ஒன்றை எந்தப் புரோகிராமும் வாசிக்காது. பெட்டிக்குள் கை வைக்கக்கூடியவன் குகதாசன் ஒருவன்தான். சிமியோன் அடுத்த நாள் கடலுக்குப் போக எரிபொருள் நிரப்பிவிட்டு வந்திருந்தார். போகவேண்டாம் என்றாள்.

"பெட்டி இல்லாத காலத்திலையும் போனனாங்கள்தானே," என்றார் சிமியோன்.

"அப்ப பெட்டியை நம்பாமல் போனியள். அதாலை கண்ணும் காதும் முழிப்பா இருந்தது. இப்ப அந்த முழிப்பும் இல்லை, அலாரம் வயரும் இல்லை."

"சோளகத்துக்கை மீன் கிடக்கேக்கை கரையிலை குந்திக்கொண்டிருக்கச் சொல்லுறாய். விசர்க்கதை கதையாதை." அதோடு பேச்சு முடிந்தது. அப்பாவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும், அவளுடையதும் அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டாம் முறை அரியாலையில் அவள் கதவைத் தட்டவில்லை. நேரே குகதாசனின் மேசைக்குப் போய் வரிகளை அவன் முன்னால் போட்டாள்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

குகதாசன் அவளை எதிர்பார்த்திருந்தவன் போலச் சாய்ந்து இருந்தான். "அக்கா சொன்னதைச் செய்தனான். ஒரு எழுத்து மாத்தினனானோ? உம்மடை புரோகிராம் விழுந்ததோ?"

"விழுந்திருந்தால் நல்லது. விழுந்தால் சத்தமாவது கேக்கும், யாகப்பு அண்ணையின்ரை வள்ளம் தாழேக்கையும் அது பச்சை காட்டினது. உவன் எண்ட இடத்திலை மோடெம் என்னெண்டு வந்தது?"

"ஏனெண்டால் அதுதான் சரி." அவன் குரலில் ஒரு குதூகலம் வந்தது. "பேரை வைச்சிருக்கச் சொன்னால் பேருக்கு ஏற்ற பொருளையும் வைக்கத்தானே வேணும்? உவன் எண்டால் கேக்கிறவனுக்குப் பக்கத்திலை நிக்கிறவன். இலக்கணம். இந்த வரியைக் கேக்கிறது ஆர்? கரையிலை இருக்கிற நீர். பெட்டிக்குள்ளை உமக்குக் கிட்ட நிக்கிற புரோகிராம் எது? மோடெம். அந்த இடத்திலை பம்ப்பைப் போட்டது தில்லைநாதன் தமிழ் தெரியாமல் விட்ட பிழை. நான் திருத்தினனான்."

இவன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அப்போதுதான் றொசாந்திக்கு விளங்கியது. வன்மத்தோடு செய்திருந்தாலும் பரவாயில்லை, வன்மம் ஒருநாள் களைக்கும். இவன் சரியென்று நினைத்துச் செய்திருக்கிறான், வாத்தியார் மகன் என்ற பெருமையோடு செய்திருக்கிறான். வேறெந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பிழையை விட வராது. உவன் இல்லாத ஊரில் உவன் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று யார் மல்லுக்கட்டுவார்கள்?

"தில்லைநாதன் என்னோடை கதைக்கேல்லை," என்றாள். "அந்த வரியிலை கேர்னல் கதைக்கிறது காத்துக்கொண்டு நிக்கிற புரோகிராமோடை. உன்ரை பக்கத்திலை நிண்டு உன்னை மறிக்கிறானே, உவன் எண்டு அதுக்குச் சொல்லுது. கேக்கிறவன் பெட்டிக்குள்ளை நிக்கிறான். கரையிலை இல்லை."

"அது உம்மடை வியாக்கியானம்."

"சரி. தில்லைநாதன் விட்டது பிழையெண்டே வைப்பம். அந்தப் பிழையை வாசிச்சுத்தான் இவ்வளவு காலமும் எங்கடை ஆக்கள் உயிரோடை வந்தவை. இப்ப அது சரியோ பிழையோ எண்டு பாக்கிறது உம்மடை வேலையில்லை. இருந்தபடி வையும். உம்மடை மோடெம் வேணுமெண்டால் கடைசியிலை வேறை பேரிலை போடும்."

"பிழையைப் பிழையெண்டு தெரிஞ்சும் வைச்சிருக்கச் சொல்லுறீர். உப்பிடி ஒரு எஞ்சினியர் கதைப்பாரோ? யாகப்பர் கடலிலை நித்திரை கொண்டிருப்பார், வள்ளம் தாண்டிருக்கும். அதுக்கு என்ரை வரியோ பொறுப்பு?"

கஜந்தினி பக்கத்து மேசையிலிருந்து மெதுவாக, "குகதாசன் அண்ணை, ஒருக்கால் பாத்தால் என்ன?" என்றாள். வாயை மூடு என்பது போல அவன் அவளைப் பார்த்தான். கஜந்தினி கொழும்பில் நின்ற உதயகலாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். உதயகலா இந்த முறையும் நீட்டிப் பேசவில்லை. இரண்டு பேரும் வள்ளத்தில் ஏறிப் போய்ப் பாருங்கோ, பார்த்ததைச் சொல்லுங்கோ, பிறகு முடிவெடுப்பம் என்றாள்.

"வாறன்," என்றான் குகதாசன், எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "வந்து உம்மடை புரோகிராமிலை பிழையெண்டு காட்டிறன். கஜந்தினி, நீங்கள் இங்கை இன்டர்நெட்டிலை அந்தோனியைத் திறந்து வைச்சுக்கொண்டு பாருங்கோ."

சிமியோன் வள்ளத்தை அரியாலைக்குப் பக்கத்திலுள்ள கொழும்புத்துறைக்குக் கொண்டுவந்து நின்றார். மகள் எதற்குக் கூப்பிட்டாள் என்று அவருக்குப் பாதிதான் தெரியும். குகதாசன் சப்பாத்தோடு ஏறினான், ஏறும்போது தடுமாறிச் சிமியோனின் தோளைப் பிடித்தான். நீந்தத் தெரியுமோ என்று சிமியோன் கேட்டார். குகதாசன் வலிகாமத்துத் தோட்டங்களுக்குள் வளர்ந்தவன், கிணற்றில் மட்டும் குளித்த ஆள். தெரியாது என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, ஆனபடியால் கடலைப் பார்த்தான்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் றொசாந்தி எஞ்சினை நிறுத்தித் தூக்கச் சொன்னாள். சுற்றிவரச் சாதாழைக் கடற்புல் மிதக்கும் கலங்கிய தண்ணீர், அடி தெரியவில்லை. அவள் குனிந்து, வள்ளத்தின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டையின் தக்கையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஓட்டையால் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"என்ன செய்யிறீர்?" என்றான் குகதாசன்.

"வள்ளம் ஒழுகுது. இப்பிடித்தான் யாகப்பு அண்ணைக்கும் ஒழுகினது. அந்தோனி சிவக்குதோ எண்டு கேளும்."

பம்ப் உறுமத் தொடங்கியது. சின்னப் பம்ப், இறைக்கிறதை விட வருகிறது அதிகம். குகதாசன் முதலில் சிரித்தான். சப்பாத்துக்குள் தண்ணீர் போனதும் காலை இருக்கைப் பலகையில் தூக்கி வைத்தான். பிறகு அந்தப் பலகையும் நனைந்தது. அவன் தொலைபேசியை எடுத்தான்.

"கஜந்தினி, தண்ணி ஏறுது. சிவப்பு வந்திட்டுதோ?"

ஸ்பீக்கரில் கஜந்தினியின் குரல் தெளிவாகக் கேட்டது. "இல்லை அண்ணை, பச்சை."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். பச்சைதான். வள்ளம் நல்லா இருக்கு."

"நல்லா இல்லை! என்ரை கால் தண்ணிக்குள்ளை நிக்குது!"

"அலை தெறிச்சிருக்கும் அண்ணை. ரெண்டு தரம் ரிஃப்ரெஷ் பண்ணிப் பாத்திட்டன். உவன் மோடெம்தான் காட்டுது, பம்ப்பே இல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

குகதாசன் தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். தான் சொல்லுவதை நம்பாமல் தன் வரியை நம்பும் ஒருத்தியிடம் எப்படிச் சொல்லுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. அவன் விளிம்பை இறுக்கிப் பிடித்தான்.

"ஓட்டையை அடையும்," என்றான் றொசாந்தியைப் பார்த்து.

"ஏன்? பச்சைதானே."

"விளையாடாதையும். தக்கையைத் தாரும்!"

"ஆரிட்டைக் கேக்கிறாய்?" நீர் என்றதும் அந்த இடத்தில் தாண்டுபோய் நீ ஆயிற்று. "யாகப்பு அண்ணை ஆரிட்டைக் கேட்டவர்? அங்கை சொல்லு. உன்ரை ஆளிட்டைச் சொல்லு."

"பிள்ளை," என்றார் சிமியோன், "எஞ்சினுக்கை தண்ணி போனால் நீதான் கழட்டித் துடைக்கவேணும்."

"துடைக்கிறன் அப்பா."

குகதாசன் கத்தினான். "கஜந்தினி! என்ரை மாற்றத்தை முழுக்க எடும்! பழைய வரியை இந்த வள்ளத்துக்கு அனுப்பும்!"

"இப்பவோ? உதயகலா அக்காவைக் கேக்க வேண்டாமோ?"

"ஒருத்தரையும் கேக்க வேண்டாம்! அனுப்பும்!"

"காரணம் எண்டு என்ன எழுத அண்ணை? இங்கை எல்லாம் பச்சையாத்தான்..."

"பிழை எண்டு எழுதும்! நான் விட்ட பிழை எண்டு எழுதும்!"

பெட்டியில் இருந்த வெளிச்சம் அணைந்தது. புதிதாக வந்ததை எடுத்துக்கொண்டு பெட்டி அணைந்து எழும்பும்வரை பம்ப்பும் நின்றது. அந்த அமைதியில் தண்ணீர் வரும் சத்தம் மட்டும் கேட்டது. குகதாசன் கண்ணை மூடிக்கொண்டு, நகுலேஸ்வரா நகுலேஸ்வரா என்று முணுமுணுத்தான். றொசாந்தி தக்கையை விடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பயம்தான், ஆனால் அவனுக்காக இல்லை, பழைய வரி திரும்பி வருமோ என்றுதான்.

வெளிச்சம் வந்தது. பம்ப் திரும்ப உறுமியது. தொலைபேசிக்குள் கஜந்தினி வீரிட்டாள்.

"அண்ணை, சிவப்பு! உவன் பம்ப், உவன் பம்ப், விடாமல் வருது! ஐயோ, வள்ளம் தாழப்போகுது! இறங்குங்கோ அண்ணை!"

றொசாந்தி தக்கையை அப்பாவிடம் நீட்டினாள். சிமியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பால் காலைப் போட்டு வெளியே இறங்கினார், தாழவில்லை. நின்றார். தண்ணீர் அவருடைய இடுப்பளவுக்கு இருந்தது. நடந்து பின்பக்கம் போய்த் தக்கையை ஓட்டையில் வைத்துக் கையால் குத்தி இறுக்கினார்.

குகதாசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது, அதோடு கோபமும் வந்தது.

"இடுப்பளவு தண்ணி," என்றான். "இதுக்குள்ளை வைச்சோ என்னை வெருட்டினீர்?"

"ஓம்," என்றாள் றொசாந்தி. "அப்பா நாளைக்குப் போற இடத்திலை இறங்கி நிக்கேலாது."

குகதாசனின் மடியில் கிடந்த தொலைபேசிக்குள் கஜந்தினி இன்னும், இறங்குங்கோ அண்ணை, இறங்குங்கோ என்று அழுதுகொண்டிருந்தாள்.